ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும் மூன்று மென்னிறங்களில் அறைக்குப் பொருந்துவதை எப்படிக் கண்டறிவது?

வெண்திரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம்.

எழுபது வயதைக் கடந்த என் அம்மாவின் அறைக்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்க இருக்கிறோம். அறை 12 அடி நீளமும் 11 அடி அகலமும் 9 அடி உயரமும் கொண்டது. இருப்பது ஒரே ஜன்னல். அதன் வழியே நேரடி வெயில் விழுவதில்லை. வெளியே அடர்ந்த மரம் ஒன்று நிற்பதால், பகல் வெளிச்சம் இலைகளைத் தாண்டித்தான் உள்ளே வருகிறது. தரையில் செம்பழுப்பு ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. சுவர்களில் இப்போது இருப்பது பழைய வெளிர்நீலம். சீலிங்கில் 6500 கெல்வின் (நீலம் கலந்த வெள்ளை ஒளி) எல்இடி டியூப்லைட் ஒன்றும், கட்டிலின் தலைமாட்டில் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கு ஒன்றும் உள்ளன. பகலின் பெரும்பகுதியை அம்மா இந்த அறையில் படிப்பதிலேயே கழிக்கிறார். ஆகவே கண்ணை உறுத்தாத, அதேசமயம் மங்கலாகவும் இல்லாத ஒரு நிறம் வேண்டும் என்பதுதான் எங்கள் எதிர்பார்ப்பு.

பல அட்டைகளைப் பார்த்த பிறகு, சாம்பலும் பழுப்பும் கலந்த மென்னிறங்கள் மூன்றில் வந்து நிற்கிறோம். அவற்றை அ, ஆ, இ என்றே இங்கு குறிப்பிடுகிறேன். சுவரில் படும் ஒளியில் எவ்வளவு திரும்பி வரும் என்பதைக் காட்டும் எல்.ஆர்.வி மதிப்பு அட்டைகளின் பின்புறம் அச்சிடப்பட்டிருக்கிறது: அ 72, ஆ 69, இ 67.

அட்டைகளைக் கையில் வைத்துப் பார்த்தபோது மூன்றுக்கும் வேறுபாடே தெரியவில்லை. அவற்றைச் சுவரில் ஒட்டியதும் மூன்றுமே எதிர்பாராத அளவுக்கு மஞ்சளாகிவிட்டன. இரவில் தலைமாட்டு விளக்கை மட்டும் எரியவிட்டால் ஆ இலேசான இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. முற்பகலில் இ பச்சைப் பக்கம் சாய்கிறது. அம்மாவோ மூன்றும் ஒன்றுதான் என்கிறார். ஒரு முறை அடித்துவிட்டால் பல ஆண்டுகளுக்கு அதோடுதான் இருக்க வேண்டும் என்பதால், அவசரப்பட்டு முடிவெடுக்க மனம் வரவில்லை. இத்தனை நெருக்கமான நிறங்களை முறையாக ஒப்பிடுவது எப்படி? அடித்து முடித்த பிறகு எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா?


தூரிகைக்காரர்:

முதலில் அந்த அட்டைகளைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். உள்ளங்கை அளவுகூட இல்லாத ஓர் அட்டையை வைத்து 35 சதுர மீட்டர் சுவரைக் கணிக்க முடியாது. இரண்டடிச் சதுரத்தில் கெட்டியான பலகையோ தடித்த அட்டையோ நிறத்துக்கு ஒன்றாக மூன்று வாங்கி, வெள்ளை பிரைமர் பூசி, ஒவ்வொன்றிலும் உரிய நிறத்தை இரண்டு கோட் அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். சுவரிலேயே நேரடியாகத் திட்டுத் திட்டாக அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அந்தத் திட்டுகளைப் பழைய நீலத்தின் நடுவிலேயே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர், ஜன்னலை ஒட்டிய சுவர், கட்டிலின் பின்புறம் என்று இடம் மாற்றியும் பார்க்க இயலாது. பலகையை எங்கும் தூக்கிச் செல்லலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மேசைமேல் படுக்கவைத்துப் பார்க்காமல், சுவரோடு ஒட்டி நிமிர்த்தி வைத்துத்தான் பார்க்க வேண்டும். கிடைமட்டப் பரப்பில் விழும் ஒளியும் செங்குத்துப் பரப்பில் விழும் ஒளியும் ஒன்றல்ல.


நிறமாலை:

வணக்கம். தூரிகைக்காரர் சொன்ன பலகை முறையே சரியான தொடக்கம். உங்கள் கேள்வியில் நீங்கள் கண்டதாகச் சொல்லும் மூன்று மாற்றங்களுக்கும் தெளிவான காரணங்கள் இருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சுவரில் ஒட்டியதும் மூன்றும் மஞ்சளானதற்குக் காரணம் அந்தப் பழைய நீலம். ஒரு நிறத்தைச் சூழ்ந்திருக்கும் நிறம், அதைத் தனக்கு எதிரான நிறத்தின் பக்கம் தள்ளிக் காட்டும். பிரான்சின் கோபெலின் நெசவுக்கூடத்தில் 1824-இல் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்ற வேதியியலாளர் மிஷேல் யூஜின் ஷெவ்ரல், கருப்புச் சாயம் வலுவில்லாமல் இருக்கிறது என்ற புகாரை ஆராயப் புகுந்தபோது, சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்களே கருப்பை வெளுத்துக் காட்டுகின்றன என்று கண்டறிந்தார். அந்த ஆய்வை அவர் 1839-இல் வெளியிட்டார். உங்கள் வெளிர்நீலச் சுவரில் நடப்பதும் அதேதான். நீலத்தின் நடுவே வைத்த சாம்பல், மஞ்சளும் ஆரஞ்சும் கலந்தது போல் தோன்றும். ஆகவே, பழைய நிறம் மறையும் வரை எந்த முடிவுக்கும் வர வேண்டாம். எப்படியும் பிரைமர் அடிக்கத்தான் போகிறீர்கள் என்றால், அதை இப்போதே அடித்து நீலத்தை மறைத்துவிட்டு, அதன் பிறகு பலகைகளை வைத்துப் பாருங்கள். அதுவரை பொறுக்க முடியாவிட்டால், கருப்புத் தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு கண்ணில் வைத்து, பலகையின் நிறம் மட்டுமே தெரியும்படி பார்க்கலாம்.

அடுத்தது அடிச்சாயல். இத்தகைய மென்னிறங்கள் எல்லாம் வெள்ளை அடித்தளத்தில் மஞ்சள், சிவப்பு, கருப்பு, பச்சை போன்ற நிறமிகளைச் சிறிதளவு சேர்த்து உருவாக்கப்படுபவை. அந்தச் சேர்மானத்தில் எது ஒரு துளி கூடுதலோ அதன் சாயல் அடியில் தங்கிவிடும். தனியாகப் பார்க்கும்போது அது தெரியாது. சாம்பல் என்றே மனம் எழுதிக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, வெள்ளைத்தாள் ஒன்றின்மேல் மூன்று அட்டைகளையும் விளிம்போடு விளிம்பு ஒட்டி, இடைவெளியே இல்லாமல் வைப்பது. இரு நிறங்கள் தொட்டுக்கொள்ளும் கோட்டில் கண் மிகவும் கூர்மையாக வேலை செய்யும். அ-வும் ஆ-வும் ஒட்டும் இடத்தில் ஒன்று வெண்ணெய் போலவும் மற்றொன்று தோல் நிறம் போலவும் பிரிந்து நிற்பதை உடனே காண்பீர்கள். நீங்கள் சொல்லும் விவரங்களிலிருந்து, அ மஞ்சளும் ஆ இளஞ்சிவப்பும் இ பச்சையும் அடியில் கொண்டவை என்று கருதுகிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. இதை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சாயலைக் கண்டுபிடிப்பதற்கு மட்டுமே உதவும். எது வேண்டும் என்று முடிவெடுக்க உதவாது. ஏனென்றால், பெயின்ட் அடித்து முடித்த அறையில் ஆ-வுக்குப் பக்கத்தில் இ இருக்கப்போவதில்லை. ஒப்பீடு வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டும். இல்லாத குறையை ஒரு நிறத்தின்மேல் ஏற்றிவிடும். எனவே இரண்டு சோதனைகளையும் தனித்தனியே செய்யுங்கள். சாயலை அறிய மூன்றையும் ஒட்டி வையுங்கள். தேர்வு செய்ய, ஒரு பலகையை மட்டும் அறையில் வைத்து, மற்ற இரண்டையும் வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டு, ஒரு முழு நாள் அதனோடு இருந்து பாருங்கள். மறுநாள் அடுத்தது, அதற்கு மறுநாள் மூன்றாவது. எந்த நேரத்தில் எப்படித் தெரிந்தது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள்; நிறத்தைப் பற்றிய நினைவு மிகவும் பலவீனமானது, நேற்று பார்த்ததை இன்று சரியாக மீட்டெடுக்க யாராலும் இயலாது.

ஒளிக்கு வருகிறேன். 2700 கெல்வின் விளக்கில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி, நீலம் குறைவு. அந்த ஒளியில் ஆ-வின் இளஞ்சிவப்பு வெளிப்படுவது இயல்பே. இலைகளைக் கடந்தும் இலைகளில் பட்டுத் திரும்பியும் வரும் பகல் வெளிச்சம் ஏற்கெனவே பச்சை கலந்தது. அதுதான் முற்பகலில் இ-யைப் பச்சையாக்குகிறது. விளக்குகளில் கெல்வினைவிட அதிகம் கவனிக்க வேண்டியது, நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் நிறக் காட்டல் குறியீடு, அதாவது சி.ஆர்.ஐ. அது 80 அளவில் உள்ள எல்இடிகள் பொதுவாக ஆழ்சிவப்பைச் சரியாகக் காட்டுவதில்லை. அவற்றின் கீழ் மென்னிறங்கள் உயிரிழந்ததுபோல் இருக்கும். பெட்டியில் 90-க்கு மேல் என்று போட்டிருக்கும் விளக்கை வாங்கி மாட்டிவிட்டு, அதன் பிறகு நிறத்தை ஒப்பிடுங்கள். எந்த ஒளியில் வாழப்போகிறீர்களோ அந்த ஒளியை முதலில் முடிவு செய்ய வேண்டும். நிறத்தை முதலில் வாங்கிவிட்டு விளக்கைப் பிறகு மாற்றுவது, தைத்த பிறகு அளவெடுப்பதற்குச் சமம்.

கடைசியாக, அட்டையில் மெல்லியதாக இருந்த நிறம் நான்கு சுவரிலும் அடித்த பிறகு அடர்ந்து தெரிகிறதே என்று பலரும் கேட்பதுண்டு. அது மனப்பிரமை அல்ல. ஒரு சுவரில் பட்ட ஒளி எதிர்ச்சுவரில் பட்டு, மீண்டும் இதில் பட்டு, அதன் பிறகுதான் நம் கண்ணை அடைகிறது. ஒரு சுவர் ஒளியின் சிவப்புப் பகுதியில் 75 விழுக்காட்டையும் நீலப் பகுதியில் 65 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகிறது என்று கொள்வோம். முதல் மோதலில் இரண்டும் 75-க்கு 65. இரண்டாவதில் 56-க்கு 42. மூன்றாவதில் 42-க்கு 27. ஒவ்வொரு மோதலிலும் வெளிச்சம் குறைகிறது, சாயல் ஏறுகிறது. இதை வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. நிறம் அடித்துக் காய்ந்த தடித்த அட்டை ஒன்றை நடுவில் மடித்து, பாதி திறந்த புத்தகம்போல் நிறுத்தி, அதன் உள்மூலையைப் பாருங்கள். மடிப்பை நெருங்க நெருங்க நிறம் அடர்ந்துகொண்டே போவது தெரியும். அறையின் மூலைகள் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நம்பகமான முன்னோட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.


வெண்திரை:

இவ்வளவு பொறுமையாக விளக்கியதற்கு மிக்க நன்றி. வெள்ளைத்தாளின்மேல் மூன்றையும் ஒட்டி வைத்துப் பார்த்தேன். நீங்கள் கணித்தபடியே அ மஞ்சள், ஆ இளஞ்சிவப்பு, இ பச்சை. இத்தனை நாள் இதை எப்படிக் காணாமல் இருந்தேன் என்று வியப்பாக இருக்கிறது.

இரண்டு ஐயங்கள். அட்டைகளைக் கைபேசியில் படமெடுத்து, நிற எண்களை ஒப்பிட்டால் துல்லியமான விடை கிடைக்காதா? மேலும், மாதிரிக்காக வாங்கும் சிறிய டப்பாவின் நிறமும், பின்னர் வாங்கும் பெரிய வாளியின் நிறமும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பலாமா?


பட்டிக்கரண்டி:

நான் பல ஆண்டுகளாகப் பெயின்டிங் வேலையை ஏற்று நடத்தி வருபவன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

முழுமையாக நம்ப வேண்டாம். கடையில் நிறம் கலக்கும் டிண்டிங் மெஷின், பேஸ் எனப்படும் வெள்ளை அடிப்படைப் பெயின்ட்டில் நிறமிகளைச் சொட்டுச் சொட்டாக விடுகிறது. உங்களுடையது போன்ற மென்னிறத்துக்கு ஒரு லிட்டருக்கே மிகச் சொற்ப அளவுதான் நிறமி தேவைப்படும். 200 மில்லி டப்பா என்றால் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு. அவ்வளவு நுண்ணிய அளவில் அரைச் சொட்டு கூடினாலோ குறைந்தாலோ சாயல் மாறிவிடும். பெரிய வாளியில் அதே அரைச் சொட்டு ஒரு பொருட்டே அல்ல. எனவே மாதிரிக்கு ஒரு லிட்டர் வாங்குவது நல்லது. அடுத்து, அதே நிற எண்ணை வேறு ரகப் பெயின்ட்டில் போட்டு வாங்கி மாதிரி பார்க்காதீர்கள். ரகத்துக்கு ரகம் பேஸ் மாறும். பேஸில் உள்ள, வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடின் அளவும் பளபளப்பும் மாறும். எண் ஒன்றாக இருந்தாலும் சுவரில் விழும் நிறம் ஒன்றாக இருக்காது.

பளபளப்பைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பளபளப்பில்லாத மேட் பூச்சு, மேற்பரப்பில் படும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் நிறத்தின்மேல் மெல்லிய வெண்மை படர்ந்ததுபோல் இருக்கும். அதே நிறம் மிதமான பளபளப்புள்ள சாட்டினில் ஒரு படி ஆழமாகத் தெரியும், ஜன்னலுக்கு நேர் எதிரே மட்டும் மின்னும். பக்கவாட்டில் வெளிச்சம் வரும் அறையில் சாட்டின் அடித்தால் பட்டி பார்த்ததில் உள்ள சிறு மேடுபள்ளங்கூட நிழலாகத் தெரிந்துவிடும். ஓர் அறையில் மாதிரியை மேட்டில் காட்டிவிட்டு, துடைத்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று வேலையைச் சாட்டினில் முடித்தேன். வீட்டுக்காரர் நிறத்தையே மாற்றி அடித்துவிட்டதாக வருந்தினார். அவர் கண்டது உண்மைதான், தவறு என்னுடையது. அன்றிலிருந்து எந்தப் பூச்சில் அடிக்கப்போகிறேனோ அதே பூச்சில்தான் மாதிரியும் காட்டுகிறேன்.

ஈரத்தில் பார்த்தும் முடிவெடுக்கக் கூடாது. எமல்ஷனில் உள்ள பிணைப்பான் ஈரமாக இருக்கும்போது பால்போல் வெளுத்திருக்கும். காயக் காயத் தெளிந்துவிடும். அதனால் ரோலரை எடுத்த உடனே வெளிறித் தெரிவது காய்ந்ததும் அடர்ந்து நிற்கும். மென்னிறங்களில் இந்த மாற்றம் சிறியதே என்றாலும், உங்கள் மூன்று நிறங்களுக்கு இடையிலான வேறுபாடும் அதே அளவு சிறியதுதான் அல்லவா?

வாங்கும்போது மொத்தத்தையும் ஒரே தடவையில் வாங்குங்கள். உங்கள் அறையின் சுற்றளவு 46 அடி, உயரம் 9 அடி. கதவு, ஜன்னலைக் கழித்தால் சுமார் 35 சதுர மீட்டர் வரும். இரண்டு கோட்டுக்கு 70. நன்றாகப் பிரைமர் அடித்த வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் ஏறத்தாழ 10 சதுர மீட்டருக்கு ஒரு கோட் வரும் என்பதால் 7 லிட்டர் தேவை. 8 ஆக வாங்கிக்கொள்ளுங்கள். தனித்தனி டப்பாக்களில் வந்தால், அவற்றை ஒரே பெரிய வாளியில் கொட்டி, அடியில் படிந்தது மேலே வரும்வரை கலக்கி, அதன் பிறகே தொடங்குங்கள். டப்பா டப்பாவாகத் திறந்து அடித்தால், ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கிய இடம் சுவரின் நடுவில் கோடாகத் தெரியக்கூடும். மீதமாவதைக் காற்றுப் புகாமல் மூடி, நிற எண், பேஸ், தேதி மூன்றையும் மூடியில் எழுதி வையுங்கள்.


நிறமாலை:

கைபேசிக் கேள்விக்குச் சுருக்கமாக: வேண்டாம். கைபேசி ஒவ்வொரு படத்திலும் வெள்ளைச் சமநிலையைத் தானாகவே சரிசெய்துகொள்ளும். மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்தால் அந்த மஞ்சளைக் குறைத்துவிடும். நீங்கள் அளக்க நினைத்ததையே அது அழித்துவிடுகிறது. திரையும் தன் பங்குக்கு நிறத்தை மாற்றும்.

ஒரே வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரு பூச்சுகள் வேறு வெளிச்சத்தில் பிரிந்து தெரிவதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். வெவ்வேறு நிறமிகளைக் கொண்டு ஒரே தோற்றத்தை எட்டும்போது இது நிகழும். ஒரு நிறுவனத்தின் நிறத்தை இன்னொரு நிறுவனத்தின் மெஷினில் ‘மேட்ச்’ செய்து வாங்கினால், கடை விளக்கின் கீழ் அச்சு அசலாக இருந்தது வீட்டு விளக்கின் கீழ் வேறாகிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்கள் எந்த அட்டையைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அந்த நிறுவனத்தின் பெயின்ட்டையே வாங்குவது பாதுகாப்பானது.


ஒளிப்படி:

இதுவரை எழுதிய அனைவரும் நிறத்தைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். அந்த அறையில் இருக்கப்போவது எழுபது வயதைக் கடந்த ஒருவர் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சளாகிறது. உள்ளே நுழையும் நீல ஒளி குறைகிறது. விழித்திரையை எட்டும் மொத்த வெளிச்சமும் குறைகிறது. உங்கள் அம்மா மூன்றும் ஒன்றுதான் என்று சொன்னது அக்கறையின்மையால் அல்ல. உங்களுக்குத் தெரியும் அடிச்சாயல் அவருக்கு அவ்வளவாகத் தெரியாமல் இருக்கலாம். அவருக்காக ஒப்பிட வேண்டியது இளஞ்சிவப்பா பச்சையா என்பதைவிட, வெளிச்சம் எவ்வளவு, எல்லைகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்பதையே.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை உங்கள் மூன்று நிறங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 72-க்கும் 67-க்கும் இடையே 5 புள்ளிகள் இருப்பது எண்ணாகப் பார்த்தால் அதிகம்போல் தோன்றும். ஆனால் கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் உணர்வதில்லை. கண் உணரும் விதத்துக்கு ஏற்ப 1976-இல் வகுக்கப்பட்ட லேப் அளவுமுறையில் அதே இரண்டையும் போட்டால் 88-க்கும் 85.5-க்கும் உள்ள வேறுபாடுதான். அருகருகே வைத்தால் தெரியும். தனித்தனியே பார்த்தால் தெரியாது. ஆகவே மிகவும் வெளிறியது என்பதற்காக மட்டும் அ-வைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

எல்லைகள் அப்படியல்ல. சுவர் எல்.ஆர்.வி 70-இலும் கதவு, நிலை, சுவிட்ச் பலகை எல்லாம் 75-இலும் இருந்தால், மங்கலான மாலையில் முதியவரின் கண்ணுக்குக் கதவு சுவரோடு கரைந்துவிடும். கட்டடங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான பிரிட்டனின் பி.எஸ். 8300 தரக்குறிப்பு, அடுத்தடுத்து உள்ள முக்கியப் பரப்புகளுக்கு இடையே 30 எல்.ஆர்.வி புள்ளிகள் வேறுபாடு இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. மூன்று மென்னிறங்களில் எது என்று ஒரு வாரம் யோசிக்கும் நீங்கள், கதவுக்கு என்ன நிறம் என்று கேட்கவே இல்லை. அதையும் இதோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள்.


வெண்திரை:

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன். அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி.

முதலில் விளக்கை மாற்றினோம். டியூப்லைட்டை எடுத்துவிட்டு 4000 கெல்வின், சி.ஆர்.ஐ 90 என்று குறிக்கப்பட்ட எல்இடி விளக்கு ஒன்றை மாட்டினோம். அதன் பிறகு சுவர் முழுவதும் வெள்ளை பிரைமர் அடித்தோம். நீலம் மறைந்த அன்று மாலையே மூன்று அட்டைகளின் மஞ்சளும் காணாமல் போனது. அதுவரை அட்டைகளில் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்த மஞ்சள், உண்மையில் சுவர் ஏற்றியது என்பதைக் கண்ணால் பார்த்தபோதுதான் முழுமையாக நம்பினேன்.

மூன்று நிறத்துக்கும் மேட் பூச்சில் ஒவ்வொரு லிட்டர் வாங்கி, இரண்டடிப் பலகைகளில் இரண்டு கோட் அடித்து, நாளுக்கு ஒன்றாக அறையில் வைத்தோம். அ-வைத் தனியாகப் பார்த்தபோது குறையொன்றும் தெரியவில்லை. ஆனால் அட்டையை மடித்துப் பார்த்தபோது உள்மூலை பழைய காகிதம்போல் மஞ்சளேறி நின்றது. நான்கு மூலைகளிலும் அது இருக்கும் என்று எண்ணியபோது மனம் ஒப்பவில்லை. ஆ-வில் நாங்கள் எதிர்பார்க்காதது தரையால் வந்தது. பலகையைத் தரையில் ஊன்றி நிறுத்தியதும், கீழ்ப்பகுதி ஏறக்குறைய முழங்கால் உயரம் வரை இளஞ்சிவப்பாகவும் மேற்பகுதி சாம்பலாகவும், இரண்டு வேறு பெயின்ட் அடித்ததுபோல் தெரிந்தது. செம்பழுப்பு ஓட்டில் பட்ட ஒளி மேலெழுந்து, ஏற்கெனவே இருந்த சாயலோடு சேர்ந்துகொண்டது. ஓட்டின்மேல் ஒரு வெள்ளைப் போர்வையை விரித்ததும் அந்தச் சிவப்பு அடங்கியது. போர்வையை எடுத்ததும் மீண்டும் ஏறியது. இரண்டு மூன்று முறை விரித்தும் எடுத்தும் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

இ-யை அதே இடத்தில் வைத்தபோது, தரையிலிருந்து எழும் சிவப்பும் அதன் அடியில் உள்ள பச்சையும் ஒன்றையொன்று ஈடுசெய்து, பலகை முழுவதும் ஒரே சீரான மென்சாம்பலாக நின்றது. அட்டையில் பார்த்தபோது நான் முதலில் ஒதுக்க நினைத்தது இந்த நிறத்தைத்தான்.

அம்மாவிடம் எது பிடித்திருக்கிறது என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு நாளும் அன்றைய பலகை அவர் படிக்கும் நாற்காலிக்கு எதிரே இருக்கும்படி வைத்தேன். மூன்றாம் நாள் மாலை, தலைமாட்டு விளக்கில் படித்துக்கொண்டிருந்தவர், புத்தகத்தைச் சற்று உயர்த்திப் பலகையின் முன் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்றைக்குத்தான் தாள் தாளாகத் தெரிகிறது என்றார். மற்ற இரண்டு நாட்களிலும் அவர் எதுவும் சொல்லவில்லை. அன்று இருந்தது இ.

ஒளிப்படி அவர்கள் சொன்ன கதவைப் பற்றி உண்மையிலேயே நாங்கள் யோசித்திருக்கவில்லை. பழைய கதவு கிரீம் நிறம். சுவருக்கும் அதற்கும் வேறுபாடே இருந்திருக்காது. கதவுக்கும் நிலைக்கும் எல்.ஆர்.வி 30 உள்ள மரப்பழுப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். சுவிட்ச் பலகைகளைச் சுற்றி அதே பழுப்பில் ஒரு விரற்கடை அகலத்துக்குச் சட்டம் பொருத்தச் சொல்லியிருக்கிறோம். இரவில் எழுந்து கைநீட்டும்போது அது அவருக்கு உதவும்.

மாதிரிக்கு வாங்கிய லிட்டரில் மீதியிருந்த இ-யையும் சேர்த்து 8 லிட்டரை ஒரே வாளியில் கலக்கி வைத்தாயிற்று. நாளைக் காலை முதல் கோட். ஜன்னலை ஒட்டிய சுவரில் மட்டும் முற்பகல் வேளையில் இலேசான பசுமை தெரியத்தான் செய்யும். பலகையில் அதைப் பார்த்துவிட்டோம். அது வெளியே நிற்கும் மரத்திலிருந்து வருகிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அப்படியானால் அது இருக்கட்டும் என்றார்.